கோர்ட் கலையும் வரை

என் விசா விண்ணப்பத்தை என் மகள்தான் நிரப்பினாள். அவள் அமெரிக்காவில், வயிற்றைத் தள்ளிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால். நான் காஞ்சிபுரத்தில், போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்துவைத்துக்கொண்டு அதற்கு எதிரே. அவளுக்கு அது தலைப்பிரசவம். தலைப்பிரசவத்துக்குப் பெற்றவள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்தில் யாரும் யாருக்கும் எடுத்துச் சொல்லத் தேவையில்லாத விஷயம். பெண் பிறந்த வீட்டுக்கு வர முடியாவிட்டால் பெற்றவள் கிளம்பிப் போக வேண்டியதுதான். நான் சுக்கும் ஓமமும் வாங்கி வெயிலில் காயப்போட்டு, பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கித் துடைத்துவிட்டுத்தான் அந்த விண்ணப்பத்துக்கே உட்கார்ந்தேன்.

பெயர், ஊர், தகப்பனார் பெயர் எல்லாம் ஆனபிறகு ஆமாம், இல்லை என்று பதில் சொல்கிற கேள்விகள் வந்தன. மகள் ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

“மா, நீ எப்பனா ஆள் கடத்தியிருக்கியா?”

“உங்கப்பாவைத்தான் கடத்திக்கினு வந்தேன். அவரு இன்னும் அவங்க வீட்டுக்குத் திரும்பிப் போவல.”

“குண்டு கிண்டு வெச்சிருக்கியா?”

“தீபாவளிக்கு வெச்சேன்.”

“கஞ்சா வித்திருக்கியா?”

“சீ, போடி.”

“போலீஸ் புடிச்சிருக்குதா, கோர்ட்ல தண்டனை எதுனா குடுத்திருக்காங்களா... நோ, நோ, நோ” என்று தானே சொல்லிக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டாள்.

சொல்ல வந்தேன், வார்த்தை தொண்டையில் சிக்கிக்கொண்டது என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மை அதுவல்ல. நான் வாயே திறக்கவில்லை. அந்த ஒரு கேள்விக்கு மட்டும் என் பதிலுக்குக் காத்திருக்காமல் அவள் போனதில் எனக்கு நிம்மதியாகவே இருந்தது. பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் கணவர் ஒருமுறை என்னைப் பார்த்தார். பிறகு பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார்.

எனக்குத் தண்டனை கொடுத்திருந்தார்கள். மகளுக்கு அது தெரியாது.

என் கணவர் வீட்டார் பாலாற்றங்கரையில் பயிர் வைத்தவர்கள். அவர் தலைமுறையில்தான் டவுனுக்கு வந்து தறியில் உட்கார்ந்தார்கள். பிறகு சேலை நெய்யவைத்து விற்கிற வியாபாரத்துக்கு வந்தார்கள். அவர் கைத்தறி நெசவாளர் சங்கத்தில் உறுப்பினர். சங்கத்து உறுப்பினர் தன் வீட்டுப் பின்னால் பவர்லூம் போட்டு ஓட்டினால் நன்றாகவா இருக்கும்? அதனால் எங்கள் தெருவில் மற்றவர்கள் என்ன செய்தார்களோ அதையே அவரும் செய்தார். ஷெட், கரண்ட் இணைப்பு, லைசென்ஸ் எல்லாவற்றையும் பெண்டாட்டி பெயரில் வாங்கினார். காலையில் எங்கள் தெருவில் கோலம் போடுகிற பெண்களில் பாதிப் பேர் காகிதத்தில் முதலாளிகள். யாரும் எங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. ஷெட் வாசலில் என் பெயர் எழுதின போர்டை மாட்டிய அன்று நான் அதற்குப் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டினேன்.

பார்டர் வைத்த பட்டுச் சேலையைக் கைத்தறியில்தான் நெய்ய வேண்டும். பவர்லூமில் நெய்தால் குற்றம். இந்தச் சட்டம் எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது. காஞ்சிபுரத்தில் இது தெரியாதவர்கள் யார்? எங்கள் லைசென்ஸில் சுடிதார் துணி என்று இருந்தது. யார் கேட்டாலும் சுடிதார் துணி என்றோம். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் காலேஜ் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த மகளிடமும் அதைத்தான் சொன்னோம். ஓடியது பட்டு.

விற்றது நான். இதை அழுத்தி எழுதுகிறேன், ஏனென்றால் பெயர் மட்டும்தான் என்னுடையது, மற்றதெல்லாம் வீட்டுக்காரர் செய்தது என்று பலரிடம் பலமுறை நான் பேசியிருக்கிறேன். வீட்டு முன்கட்டில் ஒரு குழித்தறி இருந்தது. தரையில் குழி வெட்டி, அதற்குள் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து நெய்கிற தறி. அதில் பாதி நெய்த சேலை ஒன்று எப்போதும் இருக்கும். எப்போதும் அதே சேலை. வாசலில் கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டால் நான் ஓடிப்போய் ஷெட்டில் ஸ்விட்சை அணைப்பேன். அதற்குள் அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் குழிக்குள் இறங்கியிருப்பார். வந்தவர்கள் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். “பாருங்க, ஒரு சேலைக்கு எத்தனை நாள் கஷ்டம்” என்று நான் ஆரம்பிப்பேன். என் குரலில் ஒரு தழுதழுப்பு வரும். வரவழைத்தது இல்லை, தானாகவே வரும். பேசிப் பேசி நானே நம்பிவிட்டிருந்தேன். கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வந்த பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, மனசு நிறைந்து போவார்கள்.

ஒரு நாள் கார் சத்தம் கேட்டு நான் ஸ்விட்சை அணைக்க ஓடினேன். அன்று வந்தவர்கள் சேலை வாங்குகிறவர்கள் இல்லை. பின்வாசலில் ஆளை நிறுத்திவிட்டுத்தான் முன்வாசலில் வண்டியை நிறுத்தியிருந்தார்கள். தறியில் ஓடிக்கொண்டிருந்த பட்டில் ஒரு துண்டு வெட்டி எடுத்து உறையில் போட்டார்கள். “ஓனர் யாரு?” என்று கேட்டார் ஒருவர். என் கணவர் முன்கட்டில் சட்டை இல்லாமல் குழிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். எழுந்து வரவில்லை. “நான்தாங்க” என்றேன்.

கேஸ் கோர்ட்டுக்கு வந்தபோது வக்கீல் விஷயத்தைச் சுலபமாக்கிச் சொன்னார். “ஒத்துக்கினு ஃபைன் கட்டிட்டு போய்க்கினே இருங்கம்மா. இல்லன்னா வாய்தா வாய்தான்னு வருஷக்கணக்குல அலையணும்.” எங்கள் ஊரில் அதற்குப் பெயரே ஃபைன் கட்டுவதுதான். வண்டியைத் தப்பான இடத்தில் நிறுத்தி ஃபைன் கட்டுவதுபோல. குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்று மாஜிஸ்ட்ரேட் கேட்டார். ஒத்துக்கறேங்க என்றேன். அவர் தொகையைச் சொல்லி, கூடவே கோர்ட் கலையும் வரை என்று என்னவோ சொன்னார். “இங்கயே உட்காருங்கம்மா. சாயங்காலம் கோர்ட் முடிஞ்சதும் போலாம். வெளிய மட்டும் போவக்கூடாது” என்றார் வக்கீல். ரசீது எழுத நேரமாகும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, சுவர் ஓரத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒரு பெண் போலீஸ் அவ்வப்போது என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா என்ன கேஸ் என்று கேட்டார். “நான் சாட்சி சொல்ல வந்தேங்க” என்றேன். சாயங்காலம் எல்லோரும் எழுந்து நின்றார்கள், மாஜிஸ்ட்ரேட் உள்ளே போனார், நானும் வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்தேன்.

அதோடு பவர்லூமை விற்றுவிட்டு, வெளியே சேலை வாங்கி விற்கிற வியாபாரத்தை மட்டும் வைத்துக்கொண்டோம். தெருவில் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச முடியாது, பாதி வீடுகளில் அதே ஷெட், அதே போர்டு. பிறகு மகளுக்கு வாலாஜாபாத்தில் அரிசி மில் வைத்திருக்கிற வீட்டில் சம்பந்தம் அமைந்தது. நல்ல மனிதர்கள். மாப்பிள்ளையின் அம்மா ரொம்ப நல்ல மனுஷி. அவர்கள் எங்களைப் பற்றித் தெருவில் விசாரித்தபோது, தங்கமான குடும்பம் என்று எல்லோருமே சொன்னார்கள். அதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

விசா நேர்காணலுக்குச் சென்னைக்குப் போனோம். என் கணவர் வெளியே பிளாட்பாரத்தில் என் கைப்பையைக் கட்டிக்கொண்டு நின்றார். உள்ளே கைரேகை எடுத்தார்கள். ரேகையை வைத்ததும் உலகத்தில் எங்கே என்ன கேஸ் இருந்தாலும் கம்ப்யூட்டரில் வந்துவிடும் என்று யாரோ சொல்லிக் கேட்டிருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்காரப் பெண் அதிகாரி. என் மகள் வயதுதான் இருக்கும். பக்கத்தில் மொழிபெயர்க்க நம் ஊர்ப் பெண் ஒருவர். மைக்கில்தான் பேச வேண்டும். யாரைப் பார்க்கப் போகிறீர்கள், மகள் என்ன வேலை செய்கிறாள், எப்போது திரும்புவீர்கள் என்றெல்லாம் கேட்டார்கள். நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்றார்கள். காஞ்சிபுரத்தில் பட்டுச் சேலை வியாபாரம் என்றேன். அதிகாரி முகம் மலர்ந்து ஏதோ சொன்னார்.

“மேடம் ஒரு காஞ்சிபுரம் சேலை வாங்கியிருக்காங்களாம். ரொம்பப் பிடிக்குமாம். உங்களுதும் கையால நெய்யறதுதானான்னு கேக்கறாங்க” என்றார் மொழிபெயர்த்த பெண்.

“ஆமாங்க, எல்லாமே கைத்தறிதாங்க.” பழக்கத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது. அதிகாரி தலையாட்டிவிட்டு எதையோ தட்டச்சு செய்தார். திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இந்த அம்மாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, தெரிந்துகொண்டுதான் என் வாயைக் கிளறுகிறார் என்று நினைத்தேன். சேலையைப் பற்றி ஏன் கேட்க வேண்டும்? கையால் நெய்ததா என்று ஏன் கேட்க வேண்டும்? பாவம், அந்தப் பெண் ஆசையாக ஒரு வார்த்தை கேட்டிருக்கிறார், அவ்வளவுதான். குற்றமுள்ள நெஞ்சுக்கு அது புரியுமா!

“அதுல ஒரு கேஸ் இருந்துதுங்க. ஃபைன் கட்டி முடிச்சிட்டோங்க” என்றேன்.

மொழிபெயர்த்த பெண் திரும்பிப் பார்த்தார். “கேஸா? என்ன கேஸும்மா?” அவர் குரல் ஸ்பீக்கரில் வரிசை முழுக்கக் கேட்டது. எனக்குப் பின்னால் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். நான் சொன்னேன். கைத்தறி என்று சொல்லி பவர்லூமில் நெய்து விற்றோம் என்று, மைக்கில், முன்பின் தெரியாத அத்தனை பேர் கேட்க. அந்தப் பெண் அதை இங்கிலீஷில் சொல்லும்போது இன்னும் நீளமாகக் கேட்டது. அதிகாரி சிரிக்கவில்லை இப்போது. விண்ணப்பத்தில் இல்லை என்று இருக்கிறதே, யார் நிரப்பியது என்று கேட்கச் சொன்னார்.

“என் பொண்ணுதாங்க” என்றேன்.

அவளுக்கு எதுவும் தெரியாது என்று சேர்த்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த நேரத்தில் என்மேல் இருந்த பார்வை இன்னொருத்தர்மேல் போனால் போதும் என்று இருந்தது. என் வயிற்றில் பிறந்தவள், வயிற்றுப்பிள்ளைக்காரி, அவள்மேல் தூக்கிப் போட்டேன். இன்றைக்கும் ஷெட்டை நினைத்துக் கூசுவதைவிட அந்த ஒரு வார்த்தையை நினைத்துத்தான் எனக்கு அதிகமாகக் கூசுகிறது.

கோர்ட் தீர்ப்பின் நகலைக் கொண்டுவர வேண்டும், விண்ணப்பத்தைத் திருத்தி அனுப்ப வேண்டும், பிறகு பரிசீலிப்பார்கள் என்று ஒரு தாளைக் கொடுத்து அனுப்பினார்கள். வெளியே வந்தேன்.

“இன்னா ஆச்சு?” என்றார் என் கணவர்.

“கேஸை சொல்லிட்டேன்.”

“கேட்டாங்களா?”

“இல்ல.”

அவர் கைப்பையை என்னிடம் நீட்டினார். “யாருமே கேக்காததை நீ எதுக்கு சொன்னே? இத்தினி வருஷம் சொல்லாம வெச்சிருந்தே இல்ல, இன்னும் அஞ்சு நிமிஷம் வாயை மூடிக்கினு இருந்தா இன்னா?”

அவர் கேட்டதில் தப்பில்லை. நான் உண்மை பேச வேண்டும் என்று பேசவில்லை, பயத்தில் உளறினேன்.

மறுநாள் காலையில் மகளைக் கூப்பிட்டேன். நீ சொல்கிறாயா நான் சொல்லட்டுமா என்று என் கணவர் கேட்டார். மகள் போனை எடுத்ததும் அவர் கொல்லைப்பக்கம் போய்விட்டார். நான் நடந்ததைச் சொன்னேன். திரையில் அவள் முகம் அசையவே இல்லை. போன் நின்றுவிட்டதோ என்று நினைத்தேன்.

“இது எப்போ நடந்துது?”

“நீ ஹாஸ்டல்ல இருந்தே.”

“ஷெட்ல சுடிதார் துணிதானே ஓடுச்சு?”

“அப்படி சொல்லிக்கினு இருந்தோம்.”

“எங்கிட்டயுமா?”

நான் சொம்பில் சாய்ந்திருந்த போனை நிமிர்த்தி வைத்தேன்.

“என் முகூர்த்தச் சேலை?”

“உன்னுது கைத்தறிதாண்டி. சத்தியமா. பக்கத்துத் தெருவுல சொல்லி, கூடவே நின்னு நெய்ய வெச்சது.”

“அத்தைக்கு சீர்ல வெச்சது?”

அத்தை என்றால் அவள் மாமியார். ஷெட்டை மூடியபோது நெய்து மிச்சம் இருந்த சேலைகளில் நல்லதாகப் பார்த்து ஒன்றை எடுத்துச் சம்பந்திக்குச் சீர்த்தட்டில் வைத்திருந்தேன். என் பெண்ணுக்கு ஒரு தறி, அவள் மாமியாருக்கு ஒரு தறி.

“சொல்லுமா.”

“அது ஷெட்ல ஓடினது.”

அவள் அழுதிருந்தால், கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “சரி. கோர்ட் பேப்பர் வாங்கி அனுப்புங்க. நான் அப்லோட் பண்றேன்” என்றாள். ஆபீஸில் யாரிடமோ பேசுவதுபோல இருந்தது.

நகல் கிடைக்க நாள் ஆயிற்று. பழைய கட்டு எங்கே இருக்கிறது என்று தேடினார்கள். இன்று வாருங்கள், திங்கட்கிழமை வாருங்கள் என்று வக்கீலின் குமாஸ்தா இழுத்தார். கடைசியில் கையில் வந்ததும் என் கணவர் வெளிச்சத்தில் பிடித்து வாய்விட்டுப் படித்தார். பாதியில் நிறுத்திவிட்டார். நான் வாங்கிப் பார்த்தேன். நீதிமன்றம் கலையும் வரை சிறைத் தண்டனை என்று எழுதியிருந்தது.

அதைப் போனில் படம் எடுத்து மகளுக்கு அனுப்பினோம். அன்று இரண்டு முறை அவள் கூப்பிட்டாள். இரண்டாவது முறைதான் எடுத்தேன்.

“மா, நீ ஜெயிலுக்குப் போனியா?”

“இல்லடி. பெஞ்சுலதான் உட்கார்ந்துக்கினு இருந்தேன்.”

“பேப்பர்ல ஜெயில்னு இருக்குது.”

“அது பெஞ்சுடி” என்றேன் மறுபடியும். அந்தப் பெண் போலீஸ் என்னை எதற்கு அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது இத்தனை வருடம் கழித்துப் புரிந்தது. நான் ரசீதுக்குக் காத்திருந்தேன் என்று நினைத்த அந்தப் பகல் முழுக்க நான் கைதியாக இருந்திருக்கிறேன்.

திருத்திய விண்ணப்பம் போனது. பதில் வரவில்லை. மகளுக்கு எட்டு முடிந்து ஒன்பதாவது மாதம் நடந்தது. ஒரு நாள் சம்பந்தியம்மாளிடமிருந்து போன். அவருக்கு விசா ஏற்கெனவே இருந்தது. முன்னே ஒருமுறை மகனைப் பார்த்துவிட்டு வந்தவர். “நீங்க கவலைப்படாதீங்க சம்மந்தி. நான் போறேன். உங்க பொண்ணுன்னா இன்னா, என் பொண்ணுன்னா இன்னா? உங்க பேப்பர் வந்ததும் நீங்க வாங்க” என்றார்.

காயப்போட்டு எடுத்த சுக்கு, ஓமம், இடித்துச் சலித்த பிரசவ மருந்துப் பொடி, குழந்தைக்குத் தைத்த மெத்தென்ற துணிகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வாலாஜாபாத்துக்கு பஸ் ஏறினேன். எந்தப் பொடியை எதில் கலக்கிக் கொடுக்க வேண்டும் என்று சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார். என் கண் கலங்கியதைப் பார்த்து என் முதுகைத் தடவிக்கொடுத்தார். “அப்படி இன்னாதான் கேக்கறாங்களாம் உங்ககிட்ட?” என்றார். என்னமோ பேப்பர் கேட்கிறார்கள் சம்மந்தி என்று சொல்லிவிட்டு, கிளம்பும்போது பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று காபிகூடக் குடிக்காமல் வந்தேன். அவர் வீட்டில் உட்கார எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

பேத்தி பிறந்தபோது நான் எங்கள் வீட்டுச் சமையலறையில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சம்பந்தியம்மாள்தான் குழந்தையை முதலில் கையில் வாங்கினார், முதல் குளியல் ஊற்றினார், என் மகளுக்குப் பத்தியச் சோறு வடித்துப் போட்டார். திரையில் என் மகள் சோர்ந்து படுத்திருந்தாள். “அம்மா பாரு” என்று சம்பந்தியம்மாள் போனை அவள் முகத்துக்கு நேரே காட்டினார். அவள் ஒருமுறை பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். வலியாக இருக்கும் என்று என் கணவரிடம் சொன்னேன்.

பேத்தி தலை நிற்க ஆரம்பித்தபிறகுதான் எனக்கு விசா வந்தது. விசாவைக் கொடுத்தவர்கள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அந்த நாட்டுக்கு இது ஒரு பெரிய விஷயமே இல்லை போலிருக்கிறது. முதல் நாளே உள்ளதைச் சொல்லியிருந்தால் பிரசவத்துக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருப்பேன் என்று வக்கீல் சொன்னார். அவரை நான் முறைத்த முறைப்பில் மேற்கொண்டு பேசவில்லை.

அங்கே போய் இறங்கியதும் பாஸ்போர்ட்டைப் பார்த்த அதிகாரி என்னைத் தனியாக ஒரு அறைக்கு அனுப்பினார். நாற்காலிகளில் பலநாட்டு மனிதர்கள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தார்கள். போனைத் தொடக்கூடாது என்றார்கள். இந்த முறை அது வெறும் பெஞ்சு இல்லை என்று எனக்குத் தெரிந்திருந்தது. ரொம்ப நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டு, போனில் ஒரு தமிழ்க் குரலை வைத்துக்கொண்டு என்ன குற்றம் என்று கேட்டார் ஒருவர். சொன்னேன். அவர் மறுபடியும் கேட்டார். மறுபடியும் சொன்னேன். “சேலை நெய்ததற்கா ஜெயில்?” என்று கேட்கச் சொன்னார். பக்கத்து மேஜையில் இருந்தவர் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். அது பொய் சொன்னதற்கு என்று விளக்கிச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. முத்திரை குத்தி வெளியே விட்டார்கள்.

வெளியே மாப்பிள்ளை வெகுநேரமாக நின்றுகொண்டிருந்தார். “ஏன் அத்தை இவ்ளோ நேரம்?” என்றார்.

“பெட்டி வர லேட்டாயிடுச்சு மாப்ள.”

அவர் தலையாட்டிவிட்டுப் பெட்டியை வாங்கிக்கொண்டார்.

வீட்டில் மகள் என்னைக் கட்டிக்கொண்டாள். குழந்தையைக் கொடுத்தாள். எல்லாம் முறையாகத்தான் இருந்தது. ஆனால் என்னோடு தனியாக இருக்க நேர்ந்தால் அவளுக்கு உடனே ஏதாவது ஒரு வேலை வந்துவிடும். பேசுவோம், குழந்தையின் பாலைப் பற்றி, வயிற்றுவலியைப் பற்றி. கேஸைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை. மாப்பிள்ளையிடம் சொல்லியிருக்கிறாளா என்பதுகூட எனக்குத் தெரியாது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தினமும் நினைப்பேன். எதற்கென்று ஆரம்பிப்பது? அவளிடம் மறைத்ததற்கா, அவள் மாமியாரை ஏமாற்றியதற்கா, கண்ணாடி முன்னால் அவளைக் காட்டிக்கொடுத்ததற்கா? அந்தக் கடைசி விஷயம் அவளுக்கு இன்னமும் தெரியாது.

சம்பந்தியம்மாள் ஊருக்குக் கிளம்பும் வாரம் அது. மத்தியானச் சாப்பாட்டுக்கு அவரும் மாப்பிள்ளையும் உட்கார்ந்திருந்தார்கள். மகள் சோபாவில் குழந்தைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். நான் ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்தேன்.

“ஏங்க சம்மந்தி, நான் கேக்கணும்னே நெனைச்சுக்கினு இருந்தேன்” என்றார் சம்பந்தியம்மாள். “எனக்கு உடனே குடுத்துட்டாங்க. உங்களை மட்டும் ஏன் அப்படி இழுத்தடிச்சாங்க?”

சொல்லிவிடலாம் என்று தோன்றியது. எனக்குப் பதில் பிரசவம் பார்த்தவர். அவரிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? கரண்டியைக் கீழே வைத்தேன்.

“அது ஒண்ணும் இல்ல அத்தை” என்றாள் என் மகள். தலை நிமிரவில்லை. கை துணியை மடித்துக்கொண்டே இருந்தது. “அம்மா பேர்ல, அம்மா வயசுல, காஞ்சிபுரத்துலயே இன்னொரு லேடி இருக்காங்களாம். அவங்க மேல ஏதோ ஏமாத்து கேஸ். கம்ப்யூட்டர்ல ரெண்டு பேரையும் குழப்பிக்கிட்டாங்க. அது எங்கம்மா இல்லன்னு ப்ரூவ் பண்ணத்தான் இவ்ளோ நாளு.”

எவ்வளவு நிதானமான குரல். ஒரு தடுமாற்றம் இல்லை. சின்ன வயதில் பென்சிலைத் தொலைத்துவிட்டு வந்தால்கூட மறைக்கத் தெரியாமல் வாசலிலேயே நின்று அழுகிற பெண் அவள்.

“ஆமாம்மா. இப்ப க்ளியர் ஆயிடுச்சு” என்றார் மாப்பிள்ளை, தட்டைப் பார்த்தபடி. அப்போதுதான் அவருக்கும் தெரியும் என்று எனக்குத் தெரிந்தது. தன்னைப் பெற்றவளிடம் எனக்காகப் பொய் சொன்னார்.

“அட கடவுளே!” என்றார் சம்பந்தியம்மாள். சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். “எவளோ ஒருத்தி பண்ண தப்புக்கு, பெத்த பொண்ணு பிரசவத்துக்கு வர முடியாம போச்சே உங்களுக்கு! ஊரை ஏமாத்திப் பொழைக்கறாளே, அவள்லாம் நல்லா இருப்பாளா சம்மந்தி?”

மகள் மடிப்பதை நிறுத்திவிட்டு முதல்முறையாக என்னை நேராகப் பார்த்தாள்.

“நல்லா இருக்க மாட்டாங்க” என்றேன்.